பீரோவுக்குள் அடித்த போன்

அத்தியாயம் ஒன்பது

பெரும்பாக்கத்தில் ஏறும்போதே பஸ்ஸில் நிற்க இடமில்லை. ரகுபதி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மகள் நிலா அவன் கைக்குக் கீழே, புத்தகப் பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றாள். அப்பனும் மகளும் ஒரே பஸ்ஸில் போய் வருஷக் கணக்கு ஆகியிருக்கும். பேச எவ்வளவோ இருந்தது. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் அவன் தி. நகரில் பாதி லாரியை இறக்கி முடித்திருப்பான். துணி மூட்டை தூக்குகிற வேலை. கடை வீதியில் கூட்டம் சேர்வதற்குள் சரக்கு உள்ளே போய்விட வேண்டும். இன்றைக்கு வரமாட்டேன், இல்லையென்றால் லேட்டாக வருவேன் என்று பக்கத்து பிளாக்காரன் ஒருவனிடம் சொல்லி அனுப்பியிருந்தான். போன் செய்து சொல்ல அவனிடம் போன் இல்லை. அது பள்ளிக்கூடத்து பீரோவில் இருந்தது.

நேற்று சாயங்காலம் நிலா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் அம்மா தேவானை கையை நீட்டினாள். தினமும் அப்படித்தான். பெண் வந்ததும் முதலில் போன், அப்புறம்தான் டீத்தண்ணி. நேற்று அந்தக் கையில் ஒன்றும் விழவில்லை. ஸ்கூலில் எடுத்துக்கொண்டார்கள், அப்பா நேரில் வந்தால்தான் தருவார்களாம் என்றாள் நிலா. தேவானை நீட்டிய கையை மடக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்த வீட்டில் இருந்தது ஒரே போன். முன்பு இரண்டு இருந்தன. இன்னொன்று மகன் பாலுவுடையது. அதை ரகுபதிதான் நாலாவது மாடியிலிருந்து கீழே வீசினான். ராத்திரி பகல் தெரியாமல் அதில் விளையாடிக்கொண்டு, ஐடிஐ பரீட்சைக்கே போகாமல் பையன் வீட்டில் படுத்திருந்தது தெரிந்த அன்றைக்கு. வீசியவன் அப்புறம் ஒரு வார்த்தையும் சொன்னான். அந்த வார்த்தை போனைவிட மோசமாக விழுந்தது. மறுநாள் எழுந்து பார்த்தால் பாலுவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. கொடியில் அவன் சட்டை ஒன்றுகூட இல்லை.

சினேகிதக்காரப் பையன்களைக் கேட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். இருபது வயசுப் பையன், தன் காலால் நடந்து போனவன், தன் காலால் வந்துவிடுவான் என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தேவானைக்கு உயிர் இருப்பது மிச்சமிருக்கிற அந்த ஒரு போனில். பையனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது.

அதை யார் வைத்துக்கொள்வது? ரகுபதிக்குச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்கிற வேலை. தேவானை அடையாறில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்; ஈரக் கையால் எடுப்பதற்குள் அடித்து ஓய்ந்துவிடும். போதாததற்கு, பாலு பேசினால் தங்கச்சியிடம்தான் பேசுவான். அதனால் போன் நிலாவின் பைக்குள் போனது. குடிசைகளை எடுத்துவிட்டு அவர்களை இவ்வளவு தூரத்தில் கொண்டுவந்து விட்டபோதும் நிலா மந்தைவெளிப் பள்ளியை விடவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிற பெண்ணிடம் போன் இருந்தால் நல்லதுதானே என்று அவர்களும் மனசைத் தேற்றிக்கொண்டார்கள்.

இங்கேதான் ரகுபதி ஒரு காரியம் செய்துவைத்தான்.

போன மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் போன் கொண்டுவரலாமா, கூடாதா என்று பேச்சு. அவசரத்துக்கு வேண்டும் என்று சிலர், வேண்டவே வேண்டாம் என்று சிலர். ரகுபதி பின்பெஞ்சில் நிலாவின் பக்கத்திலிருந்து எழுந்து நின்று கையைத் தூக்கினான். கூட்டத்தில் அவன் பேசியதே அதுதான் முதல் தடவை. "வேணாம்மா. கேட்டைத் தாண்டி அது உள்ள வரக் கூடாது. என் புள்ளையை அது துன்னுடுச்சி" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். சட்டம் போட்டாயிற்று. கொண்டுவந்தால் வாங்கி பீரோவில் வைப்பது, அப்பா அம்மா நேரில் வந்தால்தான் திருப்பித் தருவது.

நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்பில் வீட்டுக்கு வந்து தூங்கினான். மகள் பைக்குள் இருப்பதும் ஒரு போன்தான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. போன் என்றால் அது பையன்கள் கண்ணை வாங்குகிற சாமான். நிலா கொண்டுபோவது வீட்டுச் சாவி மாதிரி. சாவியை யாராவது சட்டம் போட்டுத் தடுப்பார்களா?

காலையில் வேலைக்குக் கிளம்புகிறபோது தேவானை அவனுக்கு ஒரே ஒரு சொல்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

"கையில கால்ல வுழுந்தாவது வாங்கினு வா. நீ வீசுனது ஒண்ணு. இது நீ கை தூக்கிப் போனது."

தலைமையாசிரியை விசாலாக்ஷி அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரிலேயே பிறந்து, அங்கேயே படித்து, பக்கத்து மந்தைவெளியிலேயே வேலைக்கு வந்து நரைத்தவர். ரகுபதி கைகட்டி நின்றதைப் பார்த்து, நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கோ. நேத்திக்கு உங்களுக்குச் சொல்லலாம்னு ஆபீஸ்ல நம்பரைப் போட்டா. மணி எங்கேர்ந்து கேக்கறதுன்னா, இந்த பீரோவுக்குள்ளேர்ந்து."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு வேளையிலும் அது விடாமல் அடித்ததாம். ஆபீஸ்காரர்கள் புத்தியில்லாமல் மறுபடியும் அதே நம்பரைப் போடுகிறார்கள் என்று போய்க் கோபித்துக்கொண்டாராம். நாங்கள் இல்லை என்று அவர்கள் சாதித்தார்களாம்.

ரகுபதிக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் மத்தியானம் அடித்தது என்று கேட்டதும் பீரோவைத் திரும்பிப் பார்த்தான். நேற்று என்றைக்குமில்லாமல் யார் கூப்பிட்டிருப்பார்கள்?

பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். தப்பு தன்னுடையது. கூட்டத்தில் போன் கூடாது என்று பேசியதும் தான்தான், பெண் பையில் அதைக் கொடுத்து அனுப்பியதும் தான்தான். பிள்ளையை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

"அவளை எதுக்குச் சொல்லணும்?" என்றார் விசாலாக்ஷி. "யாரும் அவ பையைத் தொறக்கலை. பிரேயர் முடிஞ்சதும் அவளே வந்து இந்த மேஜை மேல வெச்சா."

ரகுபதி மேஜையைப் பார்த்தான். அதில் பேப்பர் பறக்காமல் வைக்கிற ஒரு கண்ணாடிக் குமிழும் சாக்பீஸ் டப்பாவும் இருந்தன.

விசாலாக்ஷி பீரோவைத் திறந்து போனை எடுத்து அவன் முன்னால் வைத்தார். வீட்டில் ஒரே போன் என்பதையும், அண்ணன் போய்விட்டதையும் நிலா சொன்னாளாம். மேலே கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாளாம். வீட்டுக்கு ஏற்ற மாதிரிதானே சட்டமும் இருக்க வேண்டும் என்றார் அவர். போன் தினமும் இந்த பீரோவிலேயே இருக்கட்டும். மணி அடித்தால் வகுப்பிலிருந்து நிலாவைக் கூப்பிட்டு அனுப்பித் தானே கையில் கொடுப்பதாகச் சொன்னார். இந்த ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு சலுகை, அதற்குத் தான் பொறுப்பு என்றார்.

காலில் விழச் சொல்லி அனுப்பியிருந்தாள் தேவானை. இங்கே விழாமலே கேட்டதற்கு மேல் கிடைத்தது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்தால் வேலை முடிந்தது. ஆனால் நிலா தானாக ஏன் கொடுத்தாள் என்பது ரகுபதிக்கு விளங்கவில்லை. பொண்ணை ஒரு நிமிஷம் பார்க்கலாமா என்று கேட்டான்.

நிலா தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்து நின்றாள். வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு வகுப்பில் முப்பது நாற்பது குரல்கள் சேர்ந்து எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தன.

"எடுத்துக்கினாங்கன்னு சொன்னியே."

"நானேதான் குடுத்தேன் நைனா."

"ஏம்மா?"

அவள் சுவரைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணன் பேசுது."

அவனுக்குப் புரியவில்லை. திருப்பிச் சொன்னாள். பாலு போன கொஞ்ச நாளிலேயே பேச ஆரம்பித்துவிட்டானாம். மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் கூப்பிடுவான். அந்த நேரத்தில் போன் அவளிடம்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். சாப்பிட்டாயா என்பான். அம்மா எப்படி இருக்கிறது என்பான். நன்றாகத்தான் இருக்கிறேன் என்பான். வைத்துவிடுவான். யாரிடமாவது சொன்னால் அப்புறம் கூப்பிடவே மாட்டேன் என்று முதல் நாளே அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டானாம்.

உயிரோடு இருக்கிறான். நன்றாக இருக்கிறான். அந்த நிம்மதி வந்து இறங்குவதற்குள் பின்னாலேயே கோபம் ஏறியது.

"உங்கம்மா ஒழுங்கா சோறு துன்னு எத்தினி நாளாவுது, தெரியுமா உனக்கு?"

"தெரியும். பக்கத்துலதானே குந்திக்கினு கீறேன். 'கூப்டானா'ன்னு அது கேக்கும். அது மூஞ்சைப் பாத்துக்கினே 'இல்ல'ம்பேன். தெனம்." சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி இறுக்கினாள். "கிளாஸ்ல டீச்சர் இன்னா சொல்றாங்கன்னு காதுலயே வுழல நைனா. காலால பையைத் தொட்டுக்கினே கீறேன், துடிக்குதா துடிக்குதான்னு. பன்னண்டாவது எனக்கு."

ரகுபதி குழாயடித் திண்டில் உட்கார்ந்தான்.

"நீ அன்னிக்கிக் கையைத் தூக்குன பாரு. எல்லாரும் கை தட்டும்போது எனக்கு அளுகையா வந்துச்சி. அப்பால தோணிச்சி, இது நல்லதுக்குத்தான்னு. குடுத்துட்டா ஸ்கூல்ல புடுங்கிக்கினாங்கன்னு அம்மாகிட்டச் சொல்லிக்கலாம். அண்ணன்கிட்டயும் சொல்லிக்கலாம். நான் இன்னா பண்ணுவேன், சட்டம். தைரியம் வர இத்தினி நாளாச்சி."

"மிஸ்ஸு பீரோலயே வெச்சிக்கினு, அடிச்சா உன்னைக் கூப்புடறேங்கறாங்க."

"வேணாம் நைனா." சட்டென்று சொன்னாள். "அப்ப பீரோவைப் பாத்துக்கினே குந்தியிருப்பேன்."

"எங்க கீறான்?"

"அது மட்டும் கேக்காத. இம்மாஞ் சொன்னதே தப்பு." கண்ணைத் துப்பட்டா முனையால் துடைத்தாள். "நீ எடுத்தா வெச்சிடும். அப்பால கூப்டாது. பாத்துக்க."

ரகுபதிக்கு நிலைமை இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. போனை இங்கே விட்டுவிட்டுப் போனால் பையன் குரல் அறுந்து போகாது. தினமும் ஒரு தடவை, சாப்பிட்டாயா என்றாவது அது கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது இந்தப் பெண். தான் எடுத்துக்கொண்டு போனால் இவள் தப்பித்தாள். பையன் அடுத்த மணியோடு இல்லாமல் போகலாம்.

மூட்டை தூக்குகிற இடத்தில் ஒன்று உண்டு. நடு வழியில் ஒருவன் தள்ளாடினால் 'கீழே வை' என்று சொல்ல மாட்டார்கள். தெருவெல்லாம் சேறு; துணி கீழே படக் கூடாது. பின்னால் வருகிறவன் ஓடிவந்து குனிந்து தன் முதுகைக் கொடுப்பான். மூட்டை ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்கு மாறும். முதல் ஆள் நிமிர்ந்து மூச்சு விடுவான். இரண்டாவது ஆளால் முடியுமா என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. நடந்து பார்த்தால்தான் தெரியும்.

"போ," என்றான். "கிளாசுக்குப் போ."

"கோவமா?"

"போம்மா."

அவள் போனாள். வராந்தா முனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனவள், அதற்கப்புறம் ஓடினாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓடுகிற மாதிரி.

விசாலாக்ஷியிடம் வந்து, சலுகை வேண்டாம் என்றான். மற்றப் பிள்ளைகளுக்கு என்னவோ அதுவே நிலாவுக்கும். போனைத் தானே எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னான். வீட்டில் கேட்டுக்கொண்டு சொல்லலாமே, அவசரம் இல்லையே என்றார். கேட்டாயிற்று என்றான் ரகுபதி.

தி. நகருக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது லாரி போய்விட்டது. ஆட்கள் சந்துக்குள் நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ராயப்பேட்டைக் காஷிஃப் அவன் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டான். பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவன்.

"இன்னா மாமா, கையில போனு? பொண்ணு பாக்க வராங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ரகுபதியும் சிரித்த மாதிரி செய்துவிட்டு, காலியாக நின்ற தள்ளுவண்டியில் போய் உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றவில்லை. காஷிஃப் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதிப் பொட்டலத்தை ஒரு இலையில் தள்ளி அவன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

போன் அடித்தது. எடுத்தால் தேவானை.

"வேலை செய்ற வூட்டு மதுவந்தியம்மா போன்லேந்து பேசறேன். வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"குடுத்தாங்களா, எதுனா சொன்னாங்களா?"

"நல்லவிதமாத்தான் பேசினாங்க. இனிமே பகல்ல என்கிட்ட இருக்கட்டும்."

"உன்கிட்டயா?" அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கிற சத்தம். "உன் குரலைக் கேட்டா அவன் பேசுவானாய்யா?" அப்புறம் கேட்டாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "கூப்டானா?"

சொல்லிவிடலாம். பையன் நன்றாக இருக்கிறான், நீ சாப்பிடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவள் ஈரக் கையோடு அங்கேயிருந்து கிளம்பிவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கே போய் நிலாவைப் பிடித்து எங்கே எங்கே என்று உலுக்குவாள். இன்றைக்குத்தான் அந்தப் பெண் வகுப்பில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.

"இன்னும் இல்ல," என்றான்.

அவள் வைத்துவிட்டாள். ரகுபதி போனைத் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னது ஒரு தடவை, அதுவும் போனில். அந்தப் பெண் தினமும் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

இலையில் இருந்த சோறு ஆறியது. சந்து முனையில் ஆட்டோக்காரர்கள் சண்டை போட்டு ஓய்ந்தார்கள். நேற்றுப் பையன் கூப்பிட்டு யாரும் எடுக்கவில்லை. தங்கச்சிக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பான். பயந்திருந்தால் இன்றைக்குக் கூப்பிடுவான். கோபித்துக்கொண்டிருந்தால் மாட்டான். இரண்டில் எது என்று அப்பனுக்குத் தெரியவில்லை. அந்தப் பையனைப் பற்றித் தனக்கு என்னதான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டான்.

மறுபடி அடித்தது. புது நம்பர்.

எடுத்துக் காதில் வைத்தான். பேசவில்லை.

"நிலா, நேத்து இன்னா ஆச்சி? எடுக்கவே இல்ல? உடம்புக்கு எதுனாவா?"

பாலுவின் குரல். கொஞ்சம் தடித்திருந்தது, ஜலதோஷம் பிடித்த மாதிரி. இத்தனை நாளாக வண்டி தள்ளும்போதும் மூட்டை தூக்கும்போதும் இந்தக் குரலிடம் அவன் எவ்வளவோ பேசியிருக்கிறான். திட்டியிருக்கிறான், கெஞ்சியிருக்கிறான். அதில் ஒன்றுகூட இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"அவ நல்லா கீறா," என்றான். "கிளாஸ்ல கீறா. இனிமே போன் ஸ்கூலுக்குப் போவாது. நான் கேட்டும் நீ எங்க கீறன்னு அவ சொல்லல, அவளைத் திட்டாத."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

வைத்துவிட்டான் என்று நினைத்துக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். வைக்கவில்லை. போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் அழுத்திக்கொண்டு, இன்னொரு காதை உள்ளங்கையால் மூடினான்.

"வெச்சிடாத," என்றான். "பேச வேணாம். சும்மா அப்பிடியே இரு."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. அப்பன் இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம். அப்போது, பாலு இருந்த இடத்தில், கிட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. ரகுபதிக்குத் தெரியாத குரல். சின்னப் பெண்ணா, வயசானவளா என்று பிடிபடவில்லை. சொந்த வீட்டில் கேட்கிற மாதிரி, சாவகாசமாகக் கேட்டது.

"யாரு பாலு போன்ல? சோறு ஆறுது பாரு."

ரகுபதி தள்ளுவண்டியிலிருந்து எழுந்து நின்றான்.

"எங்க நைனா," என்றான் பாலு.